செய்ஜுன் வீட்டு மாடத்துச் சன்ஷின்

ஸுகெரான் செய்ஜுனைப் பற்றி எவனாவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று, சொல்கிறவன் அவன் வீட்டில் ஓசியில் அரிசிச் சாராயம் குடித்தவனாக இருப்பான்; இல்லையென்றால் வெளியூர்க்காரனாக இருப்பான். நான் துறைமுகத்து முனையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். பன்றி எலும்பு வேகிற நேரமெல்லாம் அந்த ஆளின் பேச்சையும் சேர்த்துக் கேட்டுக் காது காய்த்துப்போனவள். வயசில் என்னைவிட மூத்தவன்தான். 'அவர்' என்று சொல்லலாமென்று பார்க்கிறேன், வாய் வர மாட்டேன் என்கிறது.

கிராம அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை பார்த்தான். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்துவிட்டு, படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பான். அது குற்றமில்லை, சில பேருக்கு உடம்பு அப்படி. ஆனால் கரைக்கு வந்து கடலைப் பற்றி மீனவனுக்கே பாடம் நடத்துவான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. என் கடைக்கு வந்தால் முதல் வாயிலேயே "சாறு உப்பு கரிக்குதே கியோ" என்பான். அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடிப்பான். எழுந்து போகும்போது ஊறுகாய் இஞ்சியில் ஒரு கை அள்ளிக்கொண்டு போவான். இப்படி ஒரு பிறவி.

அவனுடைய பெருமையெல்லாம் மாடத்தில் இருந்த சன்ஷின்தான். எங்கள் ஒக்கினாவாவில் வீட்டுக்கு வீடு சன்ஷின் உண்டு. மூன்று தந்தி, மலைப்பாம்புத் தோல் போர்த்திய சின்னக் குடம், கருங்காலித் தண்டி. ஜப்பானின் பெரிய தீவுக்காரர்கள் வரவேற்பறை மாடத்தில் வாள் வைத்தார்கள் என்றால் நாங்கள் சன்ஷின் வைத்தோம். தோல் கிழியும், குடத்தை மாற்றுவோம், தந்தி அறும். தண்டி ஒன்றுதான் நிலைக்கும். எங்கள் ஊரில் சன்ஷின் என்றால் தண்டிதான், மற்றதெல்லாம் உடுப்பு. இது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். செய்ஜுனுக்குத் தெரியாது.

அந்தச் சன்ஷின் அவனுடையதே இல்லை, அவன் அண்ணன் தோமொரியுடையது. தோமொரி படகு ஓட்டியவன். சாயங்காலம் வலையை உலர்த்திவிட்டுக் கடல் சுவரில் உட்கார்ந்து வாசித்தால் அடுப்பில் இருப்பதை மறந்து நிற்போம். அவன் மகள் மிசாவோவுக்குப் பல் முளைக்கிற சமயம், ஈறு அரிக்குமோ என்னவோ, அப்பன் வாசிக்கும்போது பக்கத்தில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு தண்டியின் தலையை வாயில் வைத்துக் கடிக்கும். எச்சில் வழியும். அவன் தள்ளிவிட மாட்டான், சிரித்துக்கொண்டே வாசிப்பான். மேலே ரெண்டு, கீழே ரெண்டு, இருந்ததே நாலு பல். அந்த நாலும் கறுப்பு அரக்கில் பதிந்துவிட்டது. தச்சன் ஒருவன் புது அரக்கு பூசித் தருகிறேன் என்றதற்கு, "எம் பொண்ணு போட்ட கையெழுத்துய்யா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான் தோமொரி. நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

மிசாவோவுக்கு ஆறு வயசாகும்போது அவன் நெஞ்சு நோயில் போய்விட்டான். ஆண்பிள்ளை இல்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னோர் பெயர் எழுதிய பலகை ஆண் வாரிசுக்குத்தான் போகும், மகளுக்குப் போனால் வம்சத்துக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. பலகை எங்கே போகிறதோ அங்கேதான் வீடும் நிலமும். செய்ஜுன் பலகையைத் தூக்கினான், அதோடு வீடு, அன்னாசித் தோட்டம், சன்ஷின் எல்லாவற்றையும் தூக்கினான். சட்டி பானைகூட மிச்சம் வைக்கவில்லை. தோமொரி பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒசாகாவுக்குக் கப்பல் ஏறினாள். நான்தான் சோற்று உருண்டை கட்டிக் கொடுத்தேன். சித்தப்பன்காரன் கப்பலடிக்கு வரவில்லை, தலைவலியாம்.

பலகை வாங்கினவன் அதற்கு ஒரு நாள் ஊதுவத்தி ஏற்றியிருப்பானா? கிடையாது. எல்லாம் அவன் பெண்டாட்டி ஹாத்சுயே செய்தாள். பாவப்பட்ட ஜென்மம். விடிந்தால் பலகைக்குத் தேநீர் வைக்க வேண்டும், அப்புறம் புருஷனுக்கு வைக்க வேண்டும். ரெண்டில் பலகையாவது குறை சொல்லாது.

பிறகு செய்ஜுன் கான்கிரீட் வீடு கட்டினான். வரவேற்பறையில் மாடம், மாடத்தில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் சன்ஷின். சன்ஷினைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தண்டியின் தலைமாட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பான். யாராவது கிட்டே போனால், மூச்சுக்காற்று பட்டால் தோல் தளர்ந்துவிடும் என்பான். அரசர் காலத்துத் தண்டி, இந்தத் தீவிலேயே இதற்கு ஜோடி இல்லை என்று வருகிறவனிடமெல்லாம் அளப்பான். வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் கைவலி வந்துவிடும். அவனுக்குத் தெரிந்தது ரெண்டு பாட்டு, ரெண்டும் பாதி. வைக்கோல் போர் நாய் என்பார்களே, அதுதான். தானும் தின்னாது, மாட்டையும் அண்டவிடாது.

போன வருஷம் தோமொரிக்கு முப்பத்துமூன்றாம் வருஷத்துப் படையல் வந்தது. எங்களுக்கு அதுதான் கடைசிப் படையல். அன்றோடு செத்தவர் சாமியாகிவிடுவார். அப்புறம் இன்னாருக்கென்று தனியாக ஒரு நாள் கிடையாது, மொத்த முன்னோரோடு கலந்துவிடுவார். அதனால் அன்றைக்கு அழக் கூடாது. சிவப்பும் வெள்ளையுமாகக் கொழுக்கட்டை வைத்து, பாடி, ஆடி, கல்யாண வீடு மாதிரி அனுப்பி வைப்போம்.

மிசாவோ ஒரு வாரம் முன்னாலேயே ஒசாகாவிலிருந்து வந்துவிட்டாள். தையல் தொழிற்சாலையில் வேலை. அங்கே நம் ஆட்கள் கூடும் பேட்டையில் சன்ஷின் கற்றிருக்கிறாள். வந்ததும் நேரே என் கடைக்குத்தான் வந்தாள். அப்பன் முகம் அப்படியே இருந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அத்தை, வீடு வேணாம், தோட்டம் வேணாம். அப்பா கிளம்புற அன்னிக்கு அவரோட சன்ஷின்ல ஒரே ஒரு பாட்டு வாசிக்கணும். அதுக்கப்புறம் அவரு யாரோ, நான் யாரோ."

கேள், தராமல் எங்கே போவான் என்று அனுப்பினேன். போனாள். ஈரக்காற்று அடிக்கிறது, இப்போது எடுத்தால் தோல் வெடித்துவிடும் என்றானாம். மறுநாள் காற்று மாறியது. மறுபடி போனாள். முன்னோரிடம் உத்தரவு கேட்க வேண்டும், குறி சொல்கிறவள் ஊரில் இல்லை என்றானாம். குறி சொல்கிறவள் என் கடையில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள்! புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா? மூன்றாவது தடவை போனபோது முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான், பெண்பிள்ளைக்குப் பலகையும் கிடையாது, சன்ஷினும் கிடையாதென்று. பிள்ளை திரும்பி வந்து என் சமையல்கட்டில் பூண்டு உரித்துக் கொடுத்தது. எனக்கு அவன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது.

படையலன்று வீடு நிறைய ஜனம். பன்றி இறைச்சி, கடற்பாசி முடிச்சு, பொரித்த தோஃபு என்று அடுக்குப்பெட்டிகள் பலகைக்கு முன்னால் வரிசையாக இருந்தன. தோமொரியின் அத்தை மகன், எண்பது தாண்டிய குவாஷி பெரியவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசிக்கக் கமெசுகே வந்திருந்தான். அவன் படகுக்காரன், தோமொரியோடு ஒன்றாக வலை இழுத்தவன். வாய் திறந்து பேசினால் ஊரே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு பேசாதவன். ஆனால் சன்ஷின் எடுத்தால் எங்கள் கரையில் அவனுக்கு மிஞ்சி ஆள் இல்லை. செய்ஜுனுக்கு அவனைக் கூப்பிட இஷ்டமே இல்லை, நகரத்திலிருந்து பெரிய ஆட்களை வரவழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஹாத்சுயே அவனிடம் கேட்காமலே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஊதுவத்தி ஏற்றி முடிந்ததும் மிசாவோ எழுந்து மாடத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஆனால் தணிவாகத்தான் கேட்டாள், வாசிக்க வேண்டாம், ஒரு தடவை தொட்டாவது பார்க்கிறேன் சித்தப்பா என்று. சபையில் மறுக்க முடியவில்லை அவனுக்கு. குவாஷி பெரியவர் வேறு, திற அதை, திற என்றார். செய்ஜுன் வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் திறந்தான்.

அவள் தந்தியைத் தொடவில்லை. நேரே தண்டியின் தலையில் விரலை வைத்தாள். மேலே தடவினாள், அடியில் தடவினாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"பல்லுத் தடம் இல்லியே சித்தப்பா."

செய்ஜுன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "அந்த அசிங்கமா? அத நான்தான் அடச்சு, நல்லா அரக்குப் பூசி வச்சேன். பெரிய மனுஷங்க வந்து பாக்குற பொருள்ல பிள்ளை கடிச்ச தடமா இருக்கணும்? அண்ணனுக்குத்தான் அந்த இங்கிதம் இல்ல."

மிசாவோ கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் எதைத் தேடி வந்தாளோ, அதை இந்த ஆள் அழித்துவிட்டு அதற்குப் பெருமையும் பேசுகிறான். அழக் கூடாத நாள் என்பதால் அவள் அழவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் கமெசுகே எழுந்துவிட்டான்.

பழைய துணி உறையிலிருந்து தன் சன்ஷினை உருவினான். நடந்து வந்து அவள் மடியில் வைத்தான். ஒரு சொல் இல்லை. தந்தியை மீட்ட விரலில் மாட்டியிருந்த கொம்பு நகத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

அவளுக்கு அது ஆறுதலுக்குக் கொடுத்ததாகத்தான் பட்டிருக்க வேண்டும். குனிந்து வணங்கினாள். சுருதி சேர்க்கப் பிரடையைத் திருகினாள். திருகும்போது மற்ற கை தலைமாட்டில் பட்டது. பட்ட கை அப்படியே நின்றது. மெதுவாகத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். நான் பாய் தாண்டி, ஆள் தாண்டி ஓடிப் போய்ப் பார்த்தேன். மேலே ரெண்டு, கீழே ரெண்டு. தேய்ந்துபோயிருந்தது, ஆனால் இருந்தது.

"தோமொரியோடதுதான் இது" என்று நான் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும். இத்தனை வருஷமாகக் கடல் சுவரில் கமெசுகே வாசிக்கும்போது, தோமொரி வாசித்த மாதிரியே இருக்கிறதே, நல்ல கை இவனுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை அவனுடையது, குரல் தோமொரியினுடையது.

செய்ஜுன் முகம் வெந்த தோஃபு மாதிரி வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேடா" என்று உளறினான். தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிற புத்திசாலி.

கமெசுகே அப்போதுதான் பேசினான். "வாயத் திறக்க மாட்டேன்னுதான் சத்தியம். கைய நீட்ட மாட்டேன்னு இல்லியே."

அப்புறம் குவாஷி பெரியவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோகும்போது கிராம அலுவலகத்து அதிகாரிகளெல்லாம் வருகிறார்கள், கடிபட்ட சன்ஷினை மாடத்தில் எப்படி வைப்பது என்று இந்த ஆளுக்கு வெட்கம் வந்திருக்கிறது. அந்த வருஷம் படகுப் பந்தயத்தில் கமெசுகேக்குப் பரிசாக ஒரு சன்ஷின் கிடைத்திருந்தது. மலிவு மரம், மேலே மட்டும் பளபளவென்று அரக்கு. செய்ஜுன் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறான். மாற்றிக்கொள்வோமா என்று இவனே கேட்டிருக்கிறான். கமெசுகே ஒரு தந்தியை மீட்டிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே சரியென்று சொல்லிவிட்டான். கருங்காலியைக் கொடுத்துப் பளபளப்பை வாங்கி, அதைக் கண்ணாடிக்குள் வைத்து அரசர் காலத்தது என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறான். குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பிய்க்கத்தான் செய்யும், ஆனால் குரங்குகூட அதைக் கொடுத்துக் காகிதப்பூ வாங்காது.

மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருக்க வேண்டும். இவன் என்ன செய்தான் தெரியுமா? கையை நீட்டினான்.

"அப்போ அது எங்க வீட்டுச் சொத்து. பலகை எங்கிட்ட இருக்கு. குடு இங்க."

"மாத்திக்கிட்டது செல்லும்" என்றான் கமெசுகே. "என்னோடது உன் பெட்டியில இருக்கு. எனக்கு வந்தத நான் யாருக்கு வேணா குடுப்பேன். இந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். வாசிம்மா."

செய்ஜுன் மறுபடி வாயைத் திறந்தான். குவாஷி பெரியவர் தன் கைத்தடியை அவன் முட்டிக்கு முன்னால் குறுக்கே வைத்து, உட்காரு என்றார். உட்கார்ந்தான்.

மிசாவோ வாசித்தாள். முதலில் ஒரு இடத்தில் தவறியது. நிறுத்தினாள், பலகையைப் பார்த்து "மன்னிச்சிருங்கப்பா" என்றாள், திரும்ப ஆரம்பித்தாள். அப்புறம் தவறவில்லை. தோமொரி கடல் சுவரில் உட்கார்ந்து வாசித்த அதே பாட்டு. முடிந்ததும் கமெசுகே கைதட்டித் தாளம் எடுத்தான், அவள் வேகப்பாட்டுக்கு மாறினாள், ஜனம் எழுந்து கையை உயர்த்தி ஆட ஆரம்பித்தது. முதலில் எழுந்தது யார் என்கிறீர்கள்? ஹாத்சுயே. புருஷனுக்கு ஊற்றிக்கொண்டிருந்த சாராயக் குடுவையை அப்படியே பாயில் வைத்துவிட்டு எழுந்து ஆடினாள். அவள் ஆடி நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் அழுதேன். அழக் கூடாதுதான், தோமொரி என்னை மன்னிப்பான்.

மிசாவோ சன்ஷினோடு ஒசாகாவுக்குப் போனாள். இந்தத் தடவையும் நான்தான் சோற்று உருண்டை கட்டிக் கொடுத்தேன். ஹாத்சுயேயும் துறைமுகத்துக்கு வந்திருந்தாள். கமெசுகேக்கு எங்கள் மீனவர்கள் சேர்ந்து வேறொன்று செய்து கொடுத்தார்கள்.

செய்ஜுன் அதோடு அடங்கியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. கொஞ்ச நாள் என் கடைப்பக்கம் வரவில்லை. அப்புறம் வந்து, அண்ணன் சொத்தைப் பத்திரமாகக் காப்பாற்றத்தான் வாசிக்கத் தெரிந்தவன் கையில் கொடுத்து வைத்திருந்தேன் என்று ஆரம்பித்தான். நான் எலும்பு வெட்டுகிற கத்தியை ஓங்கி வெட்டுக்கட்டையில் போட்டேன். பேச்சை மாற்றிக்கொண்டான்.

இந்தப் புத்தாண்டுக்கு ஹாத்சுயே முகத்துக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். செய்ஜுன் கையால் வாயை மூடிக்கொண்டே வாழ்த்துச் சொன்னான். ஜலதோஷமாக்கும் என்று நினைத்தேன். வரவேற்பறையில் வெளியூர் ஆட்கள் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. ஆனால் சன்ஷினின் தலைமாடு இப்போது சுவர்ப்பக்கம் இல்லை, எல்லோரும் பார்க்கும்படி முன்னால் திரும்பியிருந்தது. வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், கமெசுகே வைத்திருந்தது போலி, நிஜமானது இதுதான், அண்ணன் மகள் குழந்தையில் கடித்த தடம் இதோ பாருங்கள் என்று.

குனிந்து பார்த்தேன். தடம் இருக்கத்தான் செய்தது. தலைமாட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அகலமாக, வரிசையாக, ஆழமாக. அரக்கு வெடித்துச் சிதறி, உள்ளே மலிவு மரம் வெள்ளை வெளேரென்று பல்லை இளித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து செய்ஜுனைப் பார்த்தேன். அவன் கை வாயை விட்டு இறங்கவே இல்லை. ஹாத்சுயே கொண்டுவந்து வைத்த விலா எலும்புக் கறியையும் அவன் தொடவில்லை, சாற்றை மட்டும் உறிஞ்சினான்.

"ஏன் அண்ணே, மிசாவோக்கு அப்போ இருந்ததே நாலு பல்லு" என்றேன். "இதுல எட்டு இருக்கே?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தான். முன்பல் ரெண்டு இல்லை.